கட்டாத தவணை கட்டியதாக ஆன கதை

இன்றைக்குக் கொஞ்சம் வணிகவியல், கொஞ்சம் சரித்திரம். அக்கவுண்டன்சி என்றாலே கொட்டாவி விடுகிறவர்களும் பயப்படாமல் படிக்கலாம். ஒரே ஒரு கணக்குதான் போடப் போகிறேன் :-)

2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. கொரோனா நிவாரணத்துக்காக வந்த கேர்ஸ் சட்டம். அதில் 3513ஆம் பிரிவு கல்விக் கடன் பற்றியது. மத்திய அரசிடம் கடன் வாங்கிப் படித்தவர்கள் செப்டம்பர் 30 வரை தவணை கட்ட வேண்டாம், வட்டியும் ஏறாது என்றது. அதோடு நிற்கவில்லை. இப்படி நிறுத்தி வைக்கப்பட்ட ஒவ்வொரு தவணையையும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும்போது, கடன்காரர் ஒழுங்காகக் கட்டியது போலவே காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பணம் வரவில்லை. ஆனால் வந்ததாக எழுத வேண்டும்! நாம் பரீட்சையில் இப்படி ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அங்கே நாடாளுமன்றமே போட்டது.

அப்படி ஒரு வரியை எழுதும் தேவை ஏன் வந்தது? "கல்விக் கடன் தவணையை நிறுத்தி வைத்தால் கிரெடிட் ஸ்கோர் குறையுமா?" என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரே பதில் எப்போதுமே இருந்ததில்லை. பணம் கட்டாமல் இருந்ததை யார், எந்த வார்த்தையில் எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறி வந்திருக்கிறது. அதனால் முதலில் எழுதியவர்களைப் பார்த்துவிடுவோம்.

நம் ஊர் மளிகைக் கடையில் பாக்கி நோட்டு இருக்குமே, அதேதான் ஆரம்பம். 1837ல் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்தது. கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். அதில் அடிபட்ட லூயிஸ் டாப்பன் என்ற நியூயார்க் பட்டு வியாபாரி, 1841ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். எந்த ஊரில் எந்த வியாபாரி நம்பகமானவர் என்று ஆள் வைத்து விசாரித்துப் பேரேட்டில் எழுதி, அந்தத் தகவலைச் சந்தா வாங்கிக்கொண்டு கொடுப்பதுதான் தொழில். இது வியாபாரிகளைப் பற்றிய நோட்டு. சாதாரணக் குடும்பங்களைப் பற்றிய நோட்டு 1899ல் அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் தொடங்கிய ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியோடு பெரிதாக வளர்ந்தது. கடனை யார் சரியாகத் திருப்பித் தருவார், யார் இழுத்தடிப்பார் என்ற பட்டியல். பிற்பாடு குடிப்பழக்கம், குடும்பச் சண்டை வரைக்கும் அந்தக் கோப்புகளில் ஏறியது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. இதைப் பற்றி நாடாளுமன்ற விசாரணையெல்லாம் நடந்து, 1970ல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. பிழையைத் தட்டிக் கேட்கும் உரிமையும், பெரும்பாலான கெட்ட குறிப்புகளை ஏழு வருஷத்தில் எடுத்துவிட வேண்டும் என்ற விதியும் அதில்தான் வந்தன. ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி 1975ல் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயர் ஈக்விஃபாக்ஸ். இன்றைக்கு அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று.

நோட்டு எண்ணாக மாறியது இன்னொரு கதை. பில் ஃபேர் ஒரு பொறியாளர், ஏர்ல் ஐசக் ஒரு கணிதக்காரர். இருவரும் 1956ல் ஆரம்பித்த கம்பெனியின் பெயரிலிருந்து வந்ததுதான் 'ஃபைகோ'. எல்லா வங்கியும் பயன்படுத்தக்கூடிய 300 முதல் 850 வரையிலான பொது ஸ்கோர் 1989ல்தான் வந்தது. அதாவது உலகத்தையே ஆட்டிப் படைக்கிற அந்த எண்ணுக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை! அதில் 35 சதவீதம் எடை 'தவணைகளைச் சரியாகக் கட்டினாயா' என்ற ஒரே கேள்விக்கு. பாக்கித் தொகைக்கு 30 சதவீதம். மிச்சம் கடன் வரலாற்றின் வயது, புதுக் கடன்கள், கடன் வகைகள். நீ ஏன் கட்டவில்லை என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. வேலை போனதா, உடம்பு சரியில்லையா என்று அதற்குத் தெரியாது. அறிக்கையில் என்ன குறி விழுந்திருக்கிறதோ அதுதான் அதற்கு உலகம்.

இப்போது கல்விக் கடன் பக்கம் வருவோம். 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் விட்டது. அமெரிக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த செப்டம்பரில் ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். (படிப்புச் சட்டத்துக்குப் பெயரில் 'பாதுகாப்பு' சேர்த்தால்தான் பணம் ஒதுக்குவார்கள் போல.) வருஷத்துக்கு 1,000 டாலர் வரை, 3 சதவீத வட்டியில் கடன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை. ராணுவத்தில் சேர்ந்தால் மூன்று வருஷம் வரை ஒத்திப்போடலாம், அந்தக் காலத்துக்கு வட்டி இல்லை. ஆக, தவணையை நிறுத்தி வைக்கும் வசதி கல்விக் கடன் பிறந்த நாளிலிருந்தே கூடப் பிறந்தது. அன்றைக்கு அதனால் ஸ்கோர் குறையுமா என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் பொது ஸ்கோரே கிடையாது.

1965ல் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டம் கொண்டுவந்தார். டெக்சாஸில் தான் கடன் வாங்கிப் படித்த கல்லூரிக்கே போய்க் கையெழுத்துப் போட்டார். வங்கி கடன் கொடுக்கும், வராவிட்டால் அரசு ஈடு செய்யும் என்ற ஏற்பாடு அதில் வந்தது. கடன் பெருகியது. 1980களில் அந்தக் கடன்கள் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் ஏற ஆரம்பித்தன. இன்னொரு பக்கம் திவால் வழி அடைந்துகொண்டே வந்தது. 1976ல் ஐந்து வருஷத்துக்குத் திவால் கேட்கக் கூடாது என்றார்கள், 1990ல் அதை ஏழாக்கினார்கள், 1998ல் காலக்கெடுவையே எடுத்துவிட்டு, தாங்க முடியாத கஷ்டத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். கடையை மூடிவிட்டு மஞ்சக் கடுதாசி கொடுக்கிற வியாபாரிக்கு இருக்கும் வழி, படித்துவிட்டு வேலை கிடைக்காதவருக்கு ஏறக்குறைய இல்லை. மிச்சம் இருந்த வழி தவணையை நிறுத்தி வைப்பது ஒன்றுதான்.

அதில் இரண்டு வகை. டிஃபர்மென்ட் என்பது ஒத்திவைப்பு. மறுபடி படிக்கப் போனால், வேலை இழந்தால் கிடைக்கும். அரசு வட்டி மானியம் உள்ள கடனாக இருந்தால் அந்தக் காலத்தில் வட்டி ஏறாது. ஃபோர்பேரன்ஸ் என்பது பொறுத்துப்போவது. சுலபமாகக் கிடைக்கும், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முறையாக விண்ணப்பித்து வாங்கினால் இரண்டுமே அறிக்கையில் 'தவறியவர்' என்ற குறியைப் போடாது. அதனால் நிறுத்தி வைப்பது நேரடியாக ஸ்கோரைக் குறைக்காது. அதற்கு முன்பே தவறவிட்ட தவணைகளின் குறி மட்டும் அழியாமல் இருக்கும்.

சொன்ன கணக்கு இங்கேதான். 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி, மூன்று வருஷம் ஃபோர்பேரன்ஸ். வருஷத்துக்கு 1,800 வீதம் 5,400 டாலர் சேரும். அது அசலோடு சேர்க்கப்பட்டால் 35,400. ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று அறிக்கை சொல்லும், ஆனால் பாக்கி வாங்கிய கடனைவிடப் பெரிதாக நிற்கும். அதற்கப்புறம் வட்டிக்கும் வட்டி. பெரிய பாக்கி பெரிய தவணையாகும், பெரிய தவணை ஒருநாள் தவறும், அப்போது ஸ்கோர் விழும். அடி உடனே விழாது. தள்ளி விழும்.

இதை வைத்து ஒரு வழக்கே நடந்தது. கடனைக் கொடுப்பது அரசு என்றாலும் பில் அனுப்புவது, பணம் வாங்குவது, போனில் பேசுவது எல்லாம் 'சர்வீசர்' என்ற தனியார் நிறுவனங்கள். அவற்றில் அப்போது பெரியதாக இருந்தது நேவியன்ட். 2017 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் அதன்மீது வழக்குப் போட்டது. வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தைச் சொல்லித் தராமல், திரும்பத் திரும்ப ஃபோர்பேரன்ஸில் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2010 ஜனவரி முதல் 2015 மார்ச் வரை இப்படித் தொடர்ச்சியாகத் தள்ளப்பட்டவர்களின் அசலில் 400 கோடி டாலர் வரை வட்டி ஏறியது என்று ஆணையம் சொன்னது. நேவியன்ட் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2022ல் மாநிலங்களோடு 185 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024ல் ஆணையத்தோடும் 12 கோடி டாலருக்குச் சமரசம். மத்திய அரசுக் கல்விக் கடனைக் கையாளவே கூடாது என்ற தடையும் சேர்ந்தது. காரணத்தைக் கவனியுங்கள். ஃபோர்பேரன்ஸ் என்றால் ஒரு போன் காலில் முடிந்துவிடும். வருமானத் திட்டம் என்றால் உட்கார்ந்து விளக்க வேண்டும், காகிதம் பார்க்க வேண்டும். எனக்கென்னவோ இதில் திட்டமிட்ட சதியைவிட, செலவு மிச்சம் பிடிக்கும் புத்திதான் அதிகம் தெரிகிறது. ஆனால் கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே.

இத்தனையும் முன்கதை. இப்போது 2020.

ஒத்திவைப்பு என்று எழுதினால் என்ன குளறுபடி வரும் என்று தெரிந்துதான் கேர்ஸ் சட்டம் 'கட்டியது போல' என்று எழுதச் சொன்னது. சட்டம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அந்தக் குளறுபடி வந்தேவிட்டது! விஸ்கான்சினைச் சேர்ந்த கிரேட் லேக்ஸ் என்ற சர்வீசர், கிட்டத்தட்ட 50 லட்சம் பேரின் கணக்கில் தவறுதலாக 'ஒத்திவைக்கப்பட்டது' என்ற குறியைப் போட்டு அனுப்பிவிட்டது. பழைய ஃபைகோ சூத்திரம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மூன்று தகவல் நிறுவனங்களும் சேர்ந்து 2006ல் உருவாக்கிய வான்டேஜ் ஸ்கோர், பலருக்குப் புள்ளிகளைக் குறைத்துக் காட்டியது. ஒரே ஆள், ஒரே கடன், ஒரே நாள். ஒரு ஸ்கோர் அசையவில்லை, இன்னொன்று சரிந்தது. மே மாதத்திலேயே வழக்குத் தொடர்ந்தார்கள், குறியும் திருத்தப்பட்டது. ஸ்கோர் என்பது நம் குணத்தின் அளவு என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதம் என்று ஆரம்பித்த சலுகையை டிரம்ப் ஆட்சியிலும் பைடன் ஆட்சியிலுமாக எட்டுத் தடவை நீட்டினார்கள். மூன்றரை வருஷம் ஓடியது. வங்கிகள் கையில் இருந்த பழைய கடன்களுக்கும் தனியார் கல்விக் கடன்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. மற்றவர்கள் அறிக்கையில் மாதா மாதம் 'கட்டியாகிவிட்டது, கட்டியாகிவிட்டது' என்று ஏறிக்கொண்டே போனது. ஏற்கனவே வாராக்கடனில் இருந்த சுமார் 75 லட்சம் பேருக்கும் 2022ல் 'புதிய தொடக்கம்' என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். அறிக்கையில் அவர்கள் கணக்கும் நல்ல நிலைக்கு மாறியது. பெருந்தொற்றுக்கு முன் கல்விக் கடன் தொகையில் 11 சதவீதம் போல மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தது. சலுகைக் காலத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. யாரும் புதிதாகப் பணம் கட்டிவிடவில்லை, எழுதும் முறைதான் மாறியது.

ஸ்கோர் ஏறியது, கையிலும் காசு மிச்சம். மனுஷன் என்ன செய்வான்? சிகாகோ பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். சலுகை பெற்றவர்கள் மற்றக் கடன்களை அடைப்பதற்குப் பதிலாக கிரெடிட் கார்டு, கார் லோன், வீட்டுக் கடன் என்று கூடுதலாகவே வாங்கியிருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கடன் கொடுத்தவர்களும் அதே ஸ்கோரைப் பார்த்துத்தானே கொடுத்தார்கள்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கேர்ஸ் சட்டம் கையெழுத்தான அதே 2020 மார்ச் 27ல்தான் நம் ரிசர்வ் வங்கியும் மாரட்டோரியம் அறிவித்தது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. கல்விக் கடனுக்கும் சேர்த்துத்தான். அதைப் பயன்படுத்தியவர்களின் கடன் வரலாறு பாதிக்கப்படக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் சொன்னது. வித்தியாசம் வட்டியில். அங்கே பூஜ்யம், இங்கே மீட்டர் ஓடியது. வட்டிக்கு வட்டி மட்டும் வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வகுப்பில் கல்விக் கடன் வாங்கியிருப்பவர்களுக்கு இன்னொன்று. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் மாரட்டோரியத்தால் சிபில் ஸ்கோர் குறையாது. ஆனால் அது முடிந்த மறுமாதம் தவணை தவறினால், கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாவின் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். அப்பா தொழிலுக்கு லோன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் இது வீட்டுக்கே தெரியவரும்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 2023 ஜூன் 30ல், பைடன் அறிவித்த கடன் தள்ளுபடியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செப்டம்பர் 1ல் வட்டி திரும்ப ஓட ஆரம்பித்தது. அக்டோபரில் தவணை. உடனே அடி விழ வேண்டாம் என்று 2024 செப்டம்பர் 30 வரை ஒரு வருஷம், தவறினாலும் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்ல மாட்டோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்கோர் அசையாத வரைக்கும் பலருக்குத் தவறியதே தெரியவில்லை. இடையில் என்ன நடந்திருந்தது தெரியுமா? சலுகைக் காலத்திலேயே நேவியன்ட், ஃபெட்லோன் போன்ற பெரிய சர்வீசர்கள் விலகிவிட்டன. லட்சக்கணக்கான கணக்குகள் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டன. கடன் வாங்கியவர்களும் வீடு மாறி, ஈமெயில் மாறி இருந்தார்கள். 2020க்குப் பிறகு படிப்பை முடித்தவர்கள் பலர் அதுவரை வாழ்க்கையில் ஒரு தவணைகூடக் கட்டிப் பழகாதவர்கள்.

மத்திய அரசுக் கடன் 90 நாள் தவறினால்தான் அறிக்கையில் ஏறும். 2024 அக்டோபரிலிருந்து எண்ணினால் 2025 ஜனவரி. சரியாக அப்போதுதான் அணை உடைந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, 2024 கடைசியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த கடும் நிலுவை, 2025ன் முதல் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 8 சதவீதமானது. புதிதாகத் தவறியவர்களில் 22 லட்சம் பேருக்கு மேல் 100 புள்ளிகளுக்கு அதிகமாக இழந்தார்கள். அதில் 10 லட்சம் பேருக்கு மேல் இழந்தது 150 புள்ளியாவது இருக்கும்.

இன்னொரு விசித்திரம். அதே வங்கி முன்கூட்டியே போட்ட மதிப்பீட்டில், 620க்குக் கீழே இருந்தவருக்குச் சராசரியாக 87 புள்ளிதான் குறையும், 760க்கு மேல் இருந்தவருக்கோ 171 புள்ளி குறையும் என்று சொல்லியிருந்தது. அழுக்குச் சட்டையில் இன்னொரு கறை பட்டால் தெரியாது, வெள்ளைச் சட்டையில் பட்டால் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். கார்டு, கார் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் கட்டிவிட்டு, பழைய முகவரிக்குப் போன கல்விக் கடன் பில்லைப் பார்க்காமல் விட்டவர்தான் அதிகம் இழந்தார். அந்த ஒரு குறியால் அவருக்கு வீட்டுக் கடன் வட்டி கூடும். வாடகைக்கு வீடு கேட்டாலும் அங்கே ஸ்கோரைப் பார்ப்பார்கள். அந்த வருஷம் நாட்டின் சராசரி ஃபைகோ ஸ்கோரே 717லிருந்து 715 ஆகக் குறைந்தது. இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அது கோடிக்கணக்கானவர்களின் சராசரி என்பதை மறந்துவிட வேண்டாம்.

இதே சமயத்தில் 'சேவ்' என்ற வருமானத் திட்டத்தில் இருந்த சுமார் 80 லட்சம் பேர் இன்னொரு விதமான நிறுத்தத்தில் இருந்தார்கள். 2024ல் நீதிமன்றம் அந்தத் திட்டத்தைத் தடுத்ததால் அரசே அவர்களை வட்டியில்லா ஃபோர்பேரன்ஸில் போட்டது. ஸ்கோருக்குச் சேதமில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 1 முதல் வட்டி மட்டும் ஓட ஆரம்பித்தது.

2025 ஜூலை 4ல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவுச் சட்டம் இந்த நிறுத்தி வைக்கும் வசதியிலேயே கை வைத்தது. 2027 ஜூலை 1 முதல் கொடுக்கப்படும் மத்திய அரசுக் கடன்களுக்கு வேலையின்மைக்கான ஒத்திவைப்பு கிடையாது, பொருளாதாரக் கஷ்டத்துக்கான ஒத்திவைப்பும் கிடையாது. ஃபோர்பேரன்ஸ் 24 மாதத்தில் 9 மாதம்தான். பத்தாவது மாதமும் வேலை கிடைக்காமல் இருப்பவர், வருமானத்தைக் காட்டித் தவணையைக் குறைக்கும் திட்டத்தில் சேர வேண்டும். சேராமல் விட்டால் 90 நாளில் அவர் பெயருக்கு எதிரே குறி விழும், அது ஏழு வருஷம் இருக்கும்.